மைக் செய்யப் போகிறீர்களா? கேப்சூலைக் கடைசியில் வாங்குங்கள்

"சரவண பவ" என்று அத்தை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அந்தச் 'ச' ஹெட்ஃபோனுக்குள் ஊசி மாதிரி குத்தியது. தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குள் நாலு முருகன் பாட்டைப் பதிவு செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. கோலாலம்பூர், செந்தூலில் உள்ள அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, நானே சோல்டர் செய்து முடித்த முதல் கண்டென்சர் மைக் அது. வலைக்குள், ஒலியைப் பிடிக்கும் உறுப்பான 34 மில்லிமீட்டர் கேப்சூல் தங்க நிறத்தில் பளபளக்கும். பார்வைக்குப் பெரிய ஸ்டூடியோ மைக்கேதான்.

"என்னப்பா, நான் பாடினா பாம்பு சீறுற மாதிரி இருக்கு?" என்றார் அத்தை.

கேப்சூல் மட்டமான சரக்கு என்று நினைத்து, வேறு விற்பனையாளரிடம் கொஞ்சம் கூடுதல் விலையில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் சீறியது. கேப்சூலில் குறையே இல்லை, அதற்கு ஒத்துவராத சர்க்கிட்டில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. இரண்டு கேப்சூல் காசு போனதில் தெரிந்துகொண்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். எதைப் பதிவு செய்யப் போகிறோம், எந்த சர்க்கிட், எந்த உடல் (வெளிக்கூடு) என்று முடிவு செய்துவிட்டுக் கடைசியில் கேப்சூல் வாங்குங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முதலில், கேப்சூலுக்குள் என்ன இருக்கிறது

மிருதங்கத்தின் வலந்தலையை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டிய தோல், அதற்குப் பின்னால் காற்று. கேப்சூலிலும் அப்படித்தான், அளவு மட்டும் மிகமிகச் சிறியது. தோலின் இடத்தில் பொன் பூசிய மைலார் என்ற பிளாஸ்டிக் சவ்வு. அதன் தடிமன் பெரும்பாலும் 6 மைக்ரான், சிலவற்றில் 3 மைக்ரான். தலைமுடியே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். சவ்வுக்குப் பின்னால் சுமார் 40 மைக்ரான் இடைவெளி விட்டு, துளைகள் போட்ட பித்தளைத் தகடு. இரண்டும் சேர்ந்தால், மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் ஒரு கெப்பாசிட்டர். பெரிய கேப்சூலில் ஒரு பக்கத்தின் மதிப்பு பெரும்பாலும் 50 முதல் 80 பிக்கோஃபாராட்.

இந்தக் கெப்பாசிட்டருக்கு 40 முதல் 60 வோல்ட் கொடுத்து மின்னேற்றம் செய்து வைக்கிறோம். குரல் பட்டுச் சவ்வு அசையும்போது இடைவெளி மாறும், மின்னழுத்தமும் கூடவே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் நமக்கு வேண்டிய ஒலி. ஏற்றிய மின்னேற்றம் ஓடிப்போகாமல் இருக்க 1 கிகா ஓம் ரெசிஸ்டர் வழியாக ஊட்டுகிறோம். 1916இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வென்டே என்ற பொறியாளர் உருவாக்கிய கண்டென்சர் மைக்கின் தத்துவம் இன்றைக்கும் இதுதான்.

சவ்வை எவ்வளவு இறுக்குகிறார்கள், தகட்டில் எத்தனை துளை, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். மிருதங்கத்தில் வாரை இழுத்தால் சுருதி மாறுகிற மாதிரி. ஒரே அச்சில் வார்த்த மாதிரி தெரியும் இரண்டு கேப்சூல்கள் வேறு வேறாகப் பேசுவது இதனால்தான்.

படி 1: யாருக்காக, எந்த அறையில்

ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். என்ன பதிவு செய்யப் போகிறீர்கள்? எங்கே?

எனக்கு முதல் வரி அத்தையின் குரல், சில நாள் அக்கா மகனின் புல்லாங்குழல். இரண்டாவது வரி, கீழே மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி, மாலை நாலு மணி ஆனால் மழை. இப்படிப்பட்ட வீட்டில் முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு வகைதான் சரி. எல்லாத் திசையும் கேட்கும் ஓம்னி கேப்சூல் இயல்பான குரல் தரும், வாய்க்குப் பக்கத்தில் போனால் அடிக்குரல் வீங்காது, எல்லாம் உண்மை. ஆனால் காற்றாடிச் சத்தத்தையும் அதே அன்போடு வாங்கிக்கொள்ளும். அமைதியான அறை இருப்பவர்களுக்கும், வெளியே போய்க் கோயில் மணி, பறவைச் சத்தம் பிடிப்பவர்களுக்கும் ஓம்னி அருமை.

இரண்டு பக்கமும் சவ்வு உள்ள கேப்சூல் வாங்கினால், பின்சவ்வுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றிக் கார்டியாய்டு, ஓம்னி, முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவம் என்று மூன்றும் எடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கும். முதல் மைக்கில் வேண்டாம், கம்பி வேலை இரட்டிப்பாகும். பின்சவ்வை இணைக்காமல் விட்டால் கார்டியாய்டாகவே வேலை செய்யும். பிறகு மனது வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

உறுமி மேளம் பதிவு செய்யப் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் கேப்சூலுக்கு முன்னால் சர்க்கிட்தான் திணறும், ஒலி உடைந்து பிசிறும். மேளத்துக்கு, காந்தமும் கம்பிச்சுருளும் வைத்து வேலை செய்யும் டைனமிக் மைக் ஒன்று வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. கண்டென்சர் வேண்டும் என்றால் தள்ளி வையுங்கள்.

படி 2: எலக்ட்ரெட்டா, வெளியிலிருந்து வோல்ட் கேட்பதா

எலக்ட்ரெட் கேப்சூலில் மின்னேற்றத்தை உள்ளேயே நிரந்தரமாகப் பதித்திருப்பார்கள். 1962இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லர், வெஸ்ட் என்ற இருவர் கண்டுபிடித்த முறை. தனியாக 60 வோல்ட் தேவையில்லை என்பதால் சர்க்கிட்டில் பாதி தலைவலி குறையும்.

"எலக்ட்ரெட் என்றால் மலிவு, மலிவு என்றால் மட்டம்" என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். பிரிமோ நிறுவனத்தின் இஎம்272 என்ற 10 மில்லிமீட்டர் ஓம்னி எலக்ட்ரெட்டின் தரவுத்தாளில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 80 டெசிபல். அளவுகோல் ஒலி 94 டெசிபல் என்பதால், 94இல் 80 போக மைக்கின் சொந்த இரைச்சல் 14 டெசிபல். நம் வீட்டுப் படுக்கையறை நள்ளிரவில்கூட அதைவிடச் சத்தமாகத்தான் இருக்கும். கார்டியாய்டு வேண்டும் என்றால் டிஎஸ்பி-2555 என்ற 25 மில்லிமீட்டர் எலக்ட்ரெட் வீட்டில் மைக் செய்பவர்களிடையே பிரபலம்.

கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சில எலக்ட்ரெட்டுகளில், கேப்சூலின் சிக்னலை முதலில் வாங்கிக்கொள்ளும் எஃப்இடி என்ற வகை டிரான்சிஸ்டர் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் இருக்காது. உள்ளே இருப்பதற்கான சர்க்கிட் வேறு, இல்லாததற்கான சர்க்கிட் வேறு. தரவுத்தாளைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இதுவரை சோல்டர் அயர்னே பிடிக்காதவர் என்றால், முதல் மைக்கை எலக்ட்ரெட்டில் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். நான் அப்படிச் செய்யவில்லை. தங்க நிறத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

படி 3: சர்க்கிட்டை முடிவு செய்யுங்கள்

என் இரண்டு கேப்சூல் காசும் இந்த இடத்தில்தான் போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய கேப்சூல்களில் பெரும்பாலானவை மூன்று பழைய வடிவங்களின் வழிவந்தவை. நோய்மன் நிறுவனத்தின் கே47, அதே நிறுவனத்தின் கே67, ஏகேஜி நிறுவனத்தின் சிகே12. விற்பனைப் பக்கங்களில் 'கே67 மாதிரி', 'கே47 வகை' என்று போட்டிருப்பது இவற்றைத்தான்.

கே67 கேப்சூல் 1960இல் வந்த யூ67 மைக்குக்காகச் செய்யப்பட்டது. 1967இல் வந்த யூ87க்கும் அதே பரம்பரைதான். இந்தக் கேப்சூல் தன் இயல்பிலேயே உச்ச அதிர்வெண்களை, சுமார் 8,000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே, தூக்கிக் கொடுக்கும். செய்தவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. வேண்டுமென்றே அப்படி விட்டு, சர்க்கிட்டில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வழியாக எதிர்ப் பின்னூட்டம் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் தலைகீழாகத் திருப்பி ஊட்டுவது) கொடுத்து அந்த உச்சத்தை அழுத்திவிட்டார்கள். கேப்சூல் தூக்கும், சர்க்கிட் அழுத்தும், வெளியே வரும்போது சமமாக இருக்கும். உச்சத்தோடு சேர்ந்து மின்னணுப் பாகங்களின் இரைச்சலும் அழுந்திவிடும், அது கூடுதல் லாபம்.

சரி, இப்போது அதே கேப்சூலின் நகலை, உச்சத்தைத் தொடாத தட்டையான சர்க்கிட்டில் போடுங்கள். தூக்கும் வேலை நடக்கும், அழுத்த ஆள் இல்லை. ச, ஸ, ஷ எல்லாம் சீறும். மலிவு மைக்குகளில் பல இந்தச் சேர்க்கையில்தான் வருகின்றன. அத்தையின் 'சரவண பவ' குத்தியதும் இதனால்தான். நான் எடுத்தது இரண்டு டிரான்சிஸ்டர் உள்ள, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத, எங்கும் கிடைக்கிற எளிய சர்க்கிட். நல்ல சர்க்கிட்தான், ஆனால் தட்டையானது. முதலில் வாங்கிய கேப்சூலும் கே67 நகல், கோபத்தில் வாங்கிய இரண்டாவதும் கே67 நகல்.

ஆகவே, நீங்கள் எடுத்து வைத்திருக்கும் சர்க்கிட் படத்தைப் பாருங்கள். செய்முறைக் குறிப்பில் உச்ச அதிர்வெண்ணைக் குறைக்கும் பகுதி இருக்கிறதா, எந்தக் கேப்சூலுக்காக எழுதப்பட்டது என்று தேடுங்கள். குறைக்கும் பகுதி இருந்தால் கே67 வாங்கலாம். இல்லாவிட்டால் கே47 வகை அல்லது டிஎஸ்பி-2555 போன்ற எலக்ட்ரெட் எடுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்தாலே என் அனுபவம் உங்களுக்கு வராது.

அடுத்து வோல்ட். வெளியிலிருந்து மின்னேற்றம் கேட்கும் கேப்சூல் என்றால், சர்க்கிட் எத்தனை வோல்ட் தருகிறது என்று கணக்குப் போட வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இண்டர்ஃபேஸ், மைக் கம்பி வழியாகவே தரும் மின்சாரமான ஃபேண்டம் பவர் 48 வோல்ட், ஆனால் அது இரண்டு கம்பியிலும் தலா 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது. இரண்டும் இணையாக இருப்பதால் 3.4 கிலோ ஓம். உங்கள் மைக் 4 மில்லி ஆம்பியர் இழுத்தால் 13.6 வோல்ட் வழியிலேயே போய்விடும், மீதி 34 வோல்ட்தான். கேப்சூலுக்கு 60 வோல்ட் கொடுக்கும் டிசி மாற்றி (வோல்ட்டை உயர்த்தும் பகுதி) உள்ள சர்க்கிட்டோடு ஒப்பிட்டால் ஒலி கிட்டத்தட்ட 5 டெசிபல் குறைவாக வரும். வேலை செய்யாமல் போகாது, இரைச்சல் கொஞ்சம் மேலே தெரியும், அவ்வளவுதான். அதற்காக 60க்கு மேலே ஏற்றவும் வேண்டாம். அதிக வோல்ட்டில் சவ்வு தகட்டால் இழுக்கப்பட்டுப் போய் ஒட்டிக்கொள்ளும்.

வால்வு வைத்த மைக் செய்ய வேண்டும் என்று சிலருக்குக் கனவு. அதில் 100 வோல்ட்டுக்கு மேல் ஓடும், தனி மின்வழங்கி வேண்டும். மூன்றாவது மைக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மூன்று குடும்பங்களில் உங்களுக்கு எது

கே47 குடும்பத்தின் மூத்தது எம்7. 1949இல் வந்த யூ47 மைக்கில் முதலில் இருந்தது எம்7தான். அதன் சவ்வு பிவிசி. வயதானால் காய்ந்து வெடித்துவிடும் என்பதால் பிறகு மைலார் சவ்வோடு கே47 வந்தது. குரலின் நடுப்பகுதியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும், உச்சத்தில் அடக்கமாக இருக்கும். தமிழ் பாடுகிறவர்களுக்கு, அதிலும் எழுத்தைச் சுத்தமாக உச்சரித்துப் பாடும் தேவாரம், திருப்புகழ் மாதிரிப் பாட்டுக்கு, எனக்கு இதுதான் பிடிக்கிறது. ழகரமும் ளகரமும் தனித்தனியாகக் கேட்கும், சகரம் கடிக்காது.

கே67 பற்றி மேலே சொல்லிவிட்டேன். சரியான சர்க்கிட் அமைந்தால் எந்த வேலைக்கும் ஈடுகொடுக்கும்.

சிகே12 1953இல் ஏகேஜி சி12 மைக்கோடு வந்தது. மற்ற இரண்டிலும் சவ்வின் நடுவில் திருகு இருக்கும், கம்பி அங்கிருந்து வரும். இதில் நடுவில் திருகு கிடையாது, விளிம்பிலிருந்து இணைப்பு எடுப்பார்கள். மேல் சுரங்களில் ஒரு காற்றோட்டம் இருக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் அசல் வடிவம் செய்வதற்குச் சிக்கலானது. குறைந்த விலையில் 'சிகே12' என்று விற்கப்படுபவை பல, உள்ளே கே67 மாதிரித் தகட்டை வைத்து, இணைப்பை மட்டும் விளிம்புக்கு மாற்றியவை. நடுவில் திருகு இல்லாததைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

படி 5: உடலை அளந்து பாருங்கள்

பழைய மலிவு மைக்கின் கூட்டை எடுத்து அதற்குள் புது கேப்சூலையும் சர்க்கிட்டையும் வைப்பதுதான் பெரும்பாலோர் வழி. அப்படி ஒன்றைத் திறந்தால் பெரிய வலைக்குள் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு எலக்ட்ரெட், பிளாஸ்டிக் வளையத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். நான் சிரித்தேன்.

வலையின் உள் அகலத்தை வெர்னியரில் அளந்து, கேப்சூலின் வெளி விட்டத்தோடு ஒப்பிடுங்கள். 34 மில்லிமீட்டர் கேப்சூலுக்குச் சுற்றிலும் நல்ல இடம் வேண்டும். உள்ளே நெருக்கமான பல அடுக்கு வலை இருந்தால் ஒலி உள்ளேயே எதிரொலித்து டப்பாச் சத்தம் வரும். உள் அடுக்கைக் கவனமாக வெட்டி எடுத்துவிடலாம். வெளி வலை கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரத்தின் 'உம்' சத்தம் உள்ளே வரும்.

படி 6: எங்கே வாங்குவது, வந்ததும் என்ன பார்ப்பது

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், மைக் கம்பியை மாட்டும் எக்ஸ்எல்ஆர் இணைப்பு எல்லாம் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கிடைத்துவிடும். புடுவுக்குப் பக்கத்தில் வரிசையாக எலக்ட்ரானிக்ஸ் கடைகள். 1 கிகா ஓம் ரெசிஸ்டரை எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க வேண்டாம். கேப்சூலும் அப்படித்தான். ஒரு கடையில் நான் படத்தைக் காட்டிக் கேட்டேன். தவுக்கே (கடை முதலாளி) கண்ணாடியைக் கழற்றி உற்றுப் பார்த்துவிட்டு, "தாக் அடா லா, போஸ்" (இல்லை பாஸ்) என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே, பேச்சாளர் மேடைக்கு மாட்டுகிற டைனமிக் மைக்கின் உள்ளுறுப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். அது வேறு ஜாதி, கண்டென்சருக்கு ஆகாது.

ஆகவே கேப்சூல் இணையத்தில்தான். சீன நகல்கள் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) முன்பின் வரும். கையால் சோதித்து இழுவிசை பார்த்துச் செய்யும் சிறு பட்டறைகளின் கேப்சூல் பல நூறு வெள்ளி. 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் வாங்கி இறக்குமதியாகும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனைப் படத்தில் எண்ண வேண்டியது கம்பிகளை. கே47 வகையில் தகடு ஒன்றுதான், ஆகவே பொதுவாக மூன்று இணைப்பு: முன்சவ்வு, பின்சவ்வு, தகடு. கே67 வகையில் இரண்டு தகடுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் நடுக்கோடு தெரியும், பொதுவாக நாலு இணைப்பு. 'கே47' என்று தலைப்புப் போட்டு, படத்தில் நடுக்கோடு தெரிந்தால் விற்பனையாளரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பொட்டலம் வந்ததும் விரலால் சவ்வைத் தொடக் கூடாது. தூசி இருந்தால் வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி பட்டால் பொன் பூச்சில் கறையாக ஒட்டிக்கொள்ளும். விளிம்பைப் பிடித்து, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். நல்ல சவ்வு அசையாத தண்ணீர் மாதிரி இருக்கும். சுருக்கம், பள்ளம், புள்ளி எது தெரிந்தாலும் உடனே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். கெப்பாசிட்டரின் மதிப்பை அளக்கும் எல்சிஆர் மீட்டர் இருந்தால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு காட்ட வேண்டும். ஒரு பக்கம் 65, மறுபக்கம் 48 என்று வந்தால் இழுவிசை சரியில்லை.

படி 7: சோல்டரும் ஈரப்பதமும்

இந்த ஊரில் ஆண்டு முழுக்க ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். குளிர்நாட்டில் எழுதிய செய்முறைகளில் ஒரு வரியில் முடிகிற விஷயம் நமக்கு முக்கால்வாசி வேலை.

காரணத்தைப் பாருங்கள். 60 பிக்கோஃபாராட் கேப்சூலும் 1 கிகா ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்தால், மைக் பிடிக்கக்கூடிய அடிக்குரல் எல்லை 3 ஹெர்ட்ஸுக்கும் கீழே. காதுக்கு எட்டாது, நல்லது. ஆனால் சர்க்கிட் போர்டில், சோல்டரோடு வரும் பசையான ஃபிளக்ஸின் கறையும் விரல் எண்ணெயும் இருந்து, அதன் மேல் ஈரம் படிந்தால், அந்த வழியாக மின்னேற்றம் கசியும். கசிவு 50 மெகா ஓம் அளவுக்கு வந்துவிட்டால் எல்லை 50 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும், இரைச்சலும் ஏறும். கசிவு சீராக இல்லாமல் விட்டுவிட்டு நடந்தால், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி 'பட் பட்' என்று கேட்கும். மழை நாளில் இந்தச் சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம், ஈரம்தான்.

செய்ய வேண்டியவை இவை. கேப்சூல் கம்பி, கிகா ஓம் ரெசிஸ்டர், டிரான்சிஸ்டரின் கேட் என்ற கால் மூன்றும் சேரும் இடத்தைப் போர்டில் படாமல் காற்றில் தூக்கி இணையுங்கள், அல்லது மின்சாரம் கசியவிடாத டெஃப்லான் காலில் இணையுங்கள். அந்தக் கிகா ஓம் ரெசிஸ்டரின் உடலை விரலால் பிடிக்காமல் இடுக்கியால் பிடியுங்கள். சோல்டர் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் நனைத்து நன்றாகத் தேய்த்து, ஒரு இரவு காய விடுங்கள். ஆல்கஹால் போர்டுக்குத்தான், சவ்வின் பக்கமே போகக் கூடாது.

கேப்சூலில் திருகோடு வரும் சின்ன உலோகக் காதைக் கழற்றி, தள்ளி வைத்துச் சோல்டர் செய்து, ஆறிய பிறகு திருகுங்கள். கேப்சூலோடு சேர்த்துச் சுட்டால் சவ்வு வாடிவிடும். எலக்ட்ரெட் காலில் நேராகத்தான் சோல்டர் செய்ய வேண்டியிருக்கும். அங்கே இரண்டு விநாடிக்குள் கையை எடுத்துவிடுங்கள், அதிகச் சூட்டில் பதித்து வைத்த மின்னேற்றம் குறையும்.

இன்னொன்று, நம் வீட்டுக்கே உரியது. சாமி அறையில் பதிவு செய்யாதீர்கள். சாம்பிராணிப் புகையும் ஊதுபத்திப் புகையும் பிசுபிசுப்பாகப் படியும். மின்னேற்றம் உள்ள சவ்வு தூசியைத் தானாகவே இழுக்கும், புகைக்குக் கேட்கவே வேண்டாம். அத்தைக்கு முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் பாட்டு வரும். படத்தை ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தோம்.

படி 8: கேட்டுத் தீர்மானியுங்கள்

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, நடுவில் வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வைத்து, நீங்கள் பதிவு செய்யப்போகும் அதே ஆளைப் பேசச் சொல்லுங்கள். நான் மூன்று சொற்றொடர் வைத்திருக்கிறேன். 'சரவண பவ' சகரத்துக்கு. 'பச்சைப் பப்பாளி' பகரம் வெடிக்கிறதா என்று பார்க்க. 'வாழைப்பழம் கீழே விழுந்தது' நடுப்பகுதி தெளிவுக்கு. பிறகு அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையைப் பதிவு செய்யுங்கள், காற்றாடி நிறுத்தி. கடுகுச் சத்தம், 'உம்' சத்தம் இரண்டும் அதில்தான் மாட்டும்.

இரண்டு கேப்சூலை ஒப்பிடுகிறவர்கள் முதலில் இரண்டின் ஒலி அளவையும் சமமாக்க வேண்டும். சத்தமாக ஒலிப்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும், என் காதும் அப்படியே ஏமாறும். சமப்படுத்திய பிறகு, எது எது என்று தெரியாமல் வேறொருவரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அக்கா மகனுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். என்னை ஏமாற்ற ஒரே பதிவை இரண்டு முறை போட்டு, வித்தியாசம் சொல்லச் சொல்வான். ஒருமுறை சொல்லியும் விட்டேன்.

சகரம் இன்னும் குத்தினால், கேப்சூலை மாற்றும் முன் மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து, மூக்கு உயரத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக் குறைகள் அதிலேயே தீரும். தீராவிட்டால் படி 3க்குத் திரும்புங்கள்.

நான் கடைசியில் கே47 வகை ஒன்றை அதே சர்க்கிட்டில் மாட்டினேன். தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் அத்தை நாலு பாட்டையும் பாடி முடித்தார். "இப்பதான் என் கொரல் மாதிரி இருக்கு" என்றார். கே67 இரண்டும் வீணாகவில்லை. உச்சத்தை அழுத்தும் சர்க்கிட் ஒன்றைப் பிறகு செய்து அதில் ஒன்றைப் போட்டேன், புல்லாங்குழலுக்கு நன்றாக இருக்கிறது. மற்றொன்று டப்பாவில் தூங்குகிறது.

டப்பா என்றதும் நினைவுக்கு வருகிறது, பதிவு முடிந்ததும் மைக்கை மேசையில் விட்டுவிடாதீர்கள். கேமரா வைக்கும் உலர் பெட்டி இருந்தால் 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். கடுகுச் சத்தம் வந்த மைக்கை அதில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஈரம். போகாவிட்டால் போர்டில் கறை, மறுபடி ஆல்கஹால் பிரஷ். என் டப்பா அலமாரியில் அம்மாவின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் திறந்து பார்த்தால் சிலிக்கா பொட்டலங்களில் பாதியைக் காணோம். புடவை மடிப்புக்குள் இருக்கின்றன.